நான் எழுதிக் கொடுத்த வயது

தம்பி,

நீ அனுப்பிய பக்கங்களைப் படித்து முடித்துவிட்டேன். போனில் படித்தால் கண் எரிகிறது என்று பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்துக்கொண்டேன். கடைக்காரப் பெண் "இன்னா டீச்சர், ரிட்டையர் ஆயும் கொஸ்டின் பேப்பர் எடுத்துக்கினு இருக்கீங்க" என்று சிரித்தாள். என் மகன் எழுதிய புத்தகம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து முப்பத்தோராம் பக்கத்தைப் படித்த பிறகு அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. அடுத்த வாரம் நீ காத்மாண்டுக்கு விமானம் ஏறுகிறாய். இரண்டு வருடம் அங்கே உட்கார்ந்து அவர்களுடைய குழந்தைத் திருமணச் சட்டத்தையும் நம்முடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறாய். போவதற்கு முன்னால் நீ திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் "விடுங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்பாய், நானும் விட்டுவிடுவேன். விட்டுவிடுவதில் எனக்குப் பழக்கம் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

உன் அட்டவணை நன்றாக இருக்கிறது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நேபாளத்தில் பெண்ணுக்கும் ஆணுக்கும் இருபது. அதற்குக் கீழே நடந்தால் அந்தக் கல்யாணமே செல்லாது. பூட்டானில் இருவருக்கும் பதினெட்டு. பாகிஸ்தானில் மாகாணத்துக்கு ஒரு கணக்கு. இலங்கையில் பொதுவாகப் பதினெட்டு, முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். பங்களாதேஷில் நம்மைப் போலவே பதினெட்டும் இருபத்தொன்றும்தான், ஆனால் 'சிறப்புச் சூழ்நிலை' என்று கோர்ட்டும் பெற்றவர்களும் ஒத்துக்கொண்டால் அதற்குக் கீழேயும் நடத்தலாம். நம் நாட்டில் பதினெட்டு ஆகாமல் நடந்துவிட்டாலும் கல்யாணம் தானாக ரத்தாகாது. கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்ணே கோர்ட்டுக்குப் போய் எனக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதுவும் இருபது வயது முடிவதற்குள். இவ்வளவையும் எனக்கே புரிகிற மாதிரி எழுதியிருக்கிறாய். பங்களாதேஷைப் பற்றி எழுதும்போது மட்டும் 'சட்டத்திலேயே ஓட்டை' என்று கோபப்பட்டிருக்கிறாய். அவர்கள் ஓட்டையை எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறார்கள், தம்பி. நம் ஊர் ஓட்டை எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியாது. அது என் மேஜை டிராயரில் இருந்தது.

இப்போது முப்பத்தோராம் பக்கம். 'எனக்கு நேரடியாகத் தெரிந்த ஒரு கிராமத்தில் குழந்தைத் திருமணம் நடப்பதாக ஒரு புகார் வந்தது. அதிகாரிகள் பள்ளி ஆவணத்தைப் பார்த்ததில் மணமகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. திருமணத்தில் விருப்பமில்லாத மணமகளே கொடுத்த பொய்ப் புகார் அது என்று பின்னர் தெரிந்தது. முறையான வயதுச் சான்று இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.' நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதியிருக்கிறேன். இதில் அதிகாரிகள் வந்தது உண்மை. மற்றதெல்லாம் பொய். நீ பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஹாஸ்டலிலிருந்து போன் செய்து "என்னம்மா ஆச்சு" என்று கேட்டாய். நான் சொன்னதை நம்பினாய். பதினைந்து வருடம் மனதில் வைத்திருந்து புத்தகத்தில் எழுதிவிட்டாய். உன் அம்மா சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை என்று நினைத்திருக்கிறாய். வக்கீலாக இருந்துகொண்டு இப்படியா நம்புவது?

அந்தப் பெண்ணைப் பச்சையம்மாள் என்று சொல்கிறேன். அது அவள் பெயர் இல்லை. உனக்கு யார் என்று தெரியும்.

கதை அவளிடம் தொடங்கவில்லை, மலையில் தொடங்குகிறது. என் முதல் வேலை கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்தும் இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு பள்ளிக்கூடம். சேர்ந்த முதல் நாளே சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசிப் பிள்ளைகள் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கிருந்த தலைமையாசிரியர் திருநாவலூர் பக்கத்துக்காரர். "சிரிக்காதம்மா. இங்க எவனுக்குத் தேதி தெரியும்? ஒருத்தன் பலா காய்க்காத வருசம்ன்றான், ஒருத்தன் பெரிய மழைன்றான். கைய தலைக்கு மேல வுட்டுக் காத தொடச் சொல்லு. தொட்டுச்சின்னா அஞ்சு வயசு. ஜூன் ஒண்ணுன்னு போடு, ஜூன் ரெண்டுன்னு போடு, போய்க்கினே இரு" என்றார். அப்படித்தான் நானும் எழுதினேன். எங்கள் காலத்து வாத்தியார்களில் எழுதாதவர்கள் யாரும் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தால் போதும், தேதியா முக்கியம் என்று இருந்தோம்.

உன்னைக் கைக்குழந்தையாக அங்கேதான் வைத்திருந்தேன். உனக்கு நிமோனியா வந்த கதையை நூறு முறை சொல்லியிருக்கிறேன். ஜீப் கிடைக்காமல் பால் கொண்டுபோகிற வண்டியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். நீ பிழைத்தாய். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி சாகிறவரை இந்த மலைக்கு வேலைக்கு வர மாட்டேன் என்று. நடையாக நடந்து, கெஞ்சி, மூன்று வருடத்தில் நைனார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்கு மாற்றல் வாங்கினேன். இதுவரைதான் உனக்குச் சொன்ன கதை. சொல்லாதது இனிமேல்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இரண்டே ஆசிரியர்கள். ஆகஸ்டு மாதத்தில் தலையை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி. இருவரில் இளையவள் நான்தான். உபரி என்றால் காலியிடம் இருக்கிற ஊருக்கு அனுப்புவார்கள். காலியிடம் எப்போதும் மலையில்தான் இருக்கும். நான் வந்த மூன்றாம் வருடம் எண்ணிக்கை நாலு குறைந்தது. ஊரில் நிலம் இருந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் ஏறிவிட்டார்கள். நீயும் அந்த வேனில்தான் ஏறினாய், அதையும் சேர்த்தே எழுதுகிறேன். வாத்தியார் பிள்ளையைத் தன் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் ஊரார் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி வீடு வீடாகப் போனேன்.

அப்போதுதான் பச்சையம்மாளின் அம்மா முனியம்மாவின் வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டப் போகிற குடும்பம். வெட்டுக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். குழந்தையைக் கரும்புக் கொல்லை ஓரத்தில் சேலையில் போட்டுவிட்டு வெட்டுவாள். பாம்புக்குப் பயந்து பயந்து பாதி வேலைதான் ஆகும் என்று என்னிடம் அழுதாள். "பாப்பாவையும் ஸ்கூல்ல சேத்துக்கோங்க டீச்சர். சோறு துன்னுட்டு அங்கயே தூங்கிக்கினு இருக்கட்டும். வயசு வேணா ஏத்திப் போட்டுக்கோங்க." எத்தனை வயது என்று கேட்டேன். ஏரி உடைந்த வருடம் கார்த்திகையில் பிறந்தது என்றாள். மூன்றரை. அந்தக் குடியிருப்பில் அப்போது பால்வாடி கிடையாது. நான் இரக்கப்பட்டதும் உண்மை, தம்பி. ஆனால் எனக்கு நாலு தலை வேண்டியிருந்தது என்பது அதைவிடப் பெரிய உண்மை. குழந்தையின் கை காதுக்கு எட்டவே இல்லை. நான் அதன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன், விரல் பட்டது. ஐந்து வயது, ஜூன் ஒன்று என்று எழுதினேன். அந்த வருடம் அப்படி நான்கு குழந்தைகளைச் சேர்த்தேன். ஆகஸ்டு எண்ணிக்கையில் தப்பித்தேன். நீயும் நானும் சமவெளியிலேயே இருந்தோம்.

நீ ஆறு ஏழு வயதில் ஒரு நாள் என் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "ஏம்மா எல்லாரும் ஜூன்லயே பொறந்திருக்காங்க? நான் மட்டும் ஏன் பங்குனி?" என்று கேட்டாய். உனக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. மணி, நிமிடம் எல்லாம் இருந்தது. அவர்களுக்கு நான்தான் இருந்தேன்.

பச்சையம்மாள் நன்றாகப் படித்தாள். வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டி, ஆனால் வாய்ப்பாட்டில் அவள்தான் முதல். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது நான் எழுதிக் கொடுத்த டிசியில் அதே ஜூன் ஒன்று. அது மேல்நிலைப் பள்ளிக்குப் போனது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அச்சானது, பிறகு யாராலும் அசைக்க முடியாத தேதி ஆகிவிட்டது. பிளஸ் டூ முடித்து நர்சிங் படிக்க வேண்டும் என்றாள். முனியம்மா வீட்டில் வேறு பேச்சு ஓடியது. மணலூர்பேட்டையில் முனியம்மாவின் அண்ணன் மகன் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் என்று எப்போதோ பேசிவிட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்தார்கள். ஏன் தெரியுமா? பதினெட்டு ஆகட்டும் என்று. வானொலியில், தொலைக்காட்சியில், பஞ்சாயத்து சுவரில் எல்லாம் பதினெட்டு என்று எழுதியிருக்கிறதே, சட்டத்துக்குப் பயந்து காத்திருந்தார்கள். நான் எழுதிய ஜூன் ஒன்று வந்ததும் ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். உண்மையில் அவளுக்குப் பதினாறே முக்கால்.

பத்திரிகை அடித்த பிறகு ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள். "டீச்சர், எனக்கு இன்னா வயசுன்னு உங்களுக்குத் தெரியும்ல? நீங்க சொன்னா நிறுத்துவாங்க டீச்சர். போன் பண்ணா வருவாங்களாமே." அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அம்மா ஒரு நாள் கோபத்தில் வயதைச் சொல்லித் திட்டினாளாம். நான் பண்றேன், நீ போ என்றேன். சின்னசேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு ரூபாய் போன் ஒன்று இருந்தது. என் போனிலிருந்து பேசினால் நம்பர் தெரிந்துவிடும் என்று பஸ் ஏறி அங்கே போய்க் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஊரையும் பெண்ணின் பெயரையும் சொன்னேன்.

மறுநாள் காலை பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் வந்தார்கள். சமூக நல அதிகாரி அம்மா ஒருவர், பெண் போலீஸ் ஒருவர், கூடவே விஏஓ. முனியம்மா மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். அந்த அதிகாரி அம்மா கெட்டிக்காரர். பெண்ணைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, இந்தத் தேதி முதலில் எங்கே எழுதப்பட்டது என்று கேட்டிருக்கிறார். "டீச்சரையே கேளுங்க, அவுங்க எழுதனதுதான்" என்று ஊரே திரண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. நான் பதிவேட்டை எடுத்து வைத்தேன். அவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிச் சான்று எதுவும் இல்லையே, பெற்றோர் சொன்னதை வைத்துத்தான் எழுதினீர்களா? இது சரியான தேதிதானா டீச்சர்?" என்று கேட்டார். என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. நான் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டார். இன்றைக்கும் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

சரியான தேதிதான் மேடம் என்றேன்.

மஞ்சள் பூசிய முகத்தோடு பச்சையம்மாள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். முனியம்மா "நாங்க இன்னா மேடம் தப்பு பண்ணோம், கெவருமெண்டு சொன்னாப்புலதான பண்றோம்" என்று அழுதாள். அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாப்பாட்டு மணி அடிக்க நேரமாகிவிட்டது, அடித்தேன். இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பதிவேட்டில் பொய் எழுதியதற்கு என் மேல் நடவடிக்கை வந்திருக்கும். ஒன்றைத் தோண்டினால் நாலும் வரும். நீ அப்போது லா காலேஜில் இரண்டாம் வருடம். ஃபீஸ் யார் கட்டுவது என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். உன்மேல் பழியைப் போடுகிறேன் என்று நினைக்காதே. உன்னைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்பதைச் சொல்கிறேன்.

கல்யாணம் நடந்தது. பிறகு மாப்பிள்ளை வீட்டில் போன் செய்தது யார் என்ற பேச்சு வந்தது. வேறு யாருக்கு என்ன வேலை, பெண்ணேதான் செய்திருப்பாள், மனதில் எவனையோ வைத்துக்கொண்டுதான் செய்திருப்பாள் என்று முடிவுகட்டினார்கள். நான்தான் என்று சொல்ல வேண்டியவள் இங்கே என் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதல் ஆடிக்கு அவள் வந்தபோது காதுக்குப் பக்கத்தில் காயம் ஆறிய தழும்பு இருந்தது. முதல் குழந்தை எட்டு மாதத்திலேயே பிறந்து இரண்டு நாள் இருந்தது. நீ எழுதியிருக்கிறாயே, இருபதுக்குள் கோர்ட்டுக்குப் போய் ரத்து செய்துகொள்ளலாம் என்று? காகிதத்தில் அவள் குழந்தையாக இருக்கும்போது கல்யாணமே ஆகவில்லையே, எதை ரத்து செய்வது? நேபாளச் சட்டத்தைக் கொண்டுவந்து இருபது என்று வைத்திருந்தாலும், இன்னும் இரண்டு வருடம் காத்திருந்து, பதினெட்டரையில் இருபது என்று கட்டிவைத்திருப்பார்கள். வயதை நீங்கள் டெல்லியிலும் காத்மாண்டுவிலும் எழுதுகிறீர்கள். முதலில் எழுதுகிறவள் என்னைப் போல ஒருத்தி, எங்கோ ஒரு தகரக் கூரைக்குக் கீழே, தன் பயத்தைத் தொட்டு எழுதுகிறாள். போகிற ஒவ்வொரு நாட்டிலும் இதைக் கேள். சட்டம் என்ன வயது சொல்கிறது என்பதை உனக்கு யாரும் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் வயதை எழுதியது யார், அன்றைக்கு அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று கேள். பதில் சொல்ல ஆள் கிடைக்காது, ஆனாலும் கேள்.

பொய்ப் புகார் என்ற சொல்லை எடுத்துவிடு. அது என் புகார். அதில் பொய்யே இல்லை. பொய் சொன்னது புகாரை விசாரிக்க வந்தபோது சாட்சி சொன்ன டீச்சர். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அந்தத் தாளை முதலில் பச்சையம்மாளிடம் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். நாளைக்குப் போகிறேன்.

போய்விட்டு வந்துவிட்டேன், மீதியை எழுதுகிறேன். மணலூர்பேட்டைக்குக் காலையிலேயே போய்விட்டேன். நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண் அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தாள். "இன்னா டீச்சர் இவ்ளோ தூரம்? வூட்டாண்ட வந்திருக்கலாம்ல" என்றாள். பெண் ஏழாவது படிக்கிறாளாம். பிறந்தநாள் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறபடிதான் எழுதியிருக்கிறது என்பதை அவளாகவே சொன்னாள். கரையில் வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போய்த் தாளைக் கொடுத்தேன். நின்றபடியே முழுவதையும் படித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"போன் பண்ணது நீங்கதான்னு எனக்குத் தெரியாதா டீச்சர்? நான்தான பண்ணச் சொன்னேன்."

பிறகு ஏன் அதை மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே. நீங்க நெசம்னு சொல்லிட்டீங்களே தேதிய. அப்புறம் எவன் நம்புவான்? டீச்சர் மேலயே பழி போடுறியான்னு அதுக்கும் சேத்து வாங்கனேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். இந்தத் தாளைக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"டீச்சர் ரிட்டையர் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன்மா."

"பென்ஷன்லாம் வந்துக்கினு இருக்குதா?"

"வருது."

"அதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கரையில் போட்டோ எடுத்து வருகைப் பதிவு செய்யக் கூப்பிட்டார்கள். சட்டியை எடுத்துக்கொண்டு போய் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள்.

அவள் ஒரே சொல்லில் கண்டுபிடித்ததை நான் இத்தனை பக்கத்தில் உனக்கு எழுதவில்லை, தம்பி. என் பென்ஷன் ஆர்டர் போன கார்த்திகையில் வந்தது. அது கைக்கு வரும்வரை இப்படி ஒரு கடிதம் எழுத எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா